பேஷியல் பழகுகிறவர்களுக்கு: முகத்தில் கை வைப்பதற்கு முன்னும் பின்னும்

பேஷியல் செய்தால் வெள்ளையாகலாம் என்று நினைத்துத்தான் பலர் பார்லருக்கு வருகிறார்கள், தொழில் பழக வருகிற பிள்ளைகள் பலருக்கும் அதே நினைப்புத்தான். முதலில் அதைக் கழற்றி வைத்துவிடுவோம். பேஷியல் நிறத்தை மாற்றாது. நிறத்தைத் தருகிற மெலனின் மேல்தோலின் அடிவரிசையில் உண்டாகிறது, நாம் பூசுகிற கிறீமும் செய்கிற மசாஜும் அங்கே போய் அதை நிறுத்துவதில்லை.

அப்போ பேஷியல் என்னதான் செய்கிறது? மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் இறந்த கலங்களை அகற்றுகிறது, துளைகளில் தேங்கிய எண்ணெயை இளக்கி எடுக்கிறது, காய்ந்த தோலுக்கு ஈரம் கொடுக்கிறது, மசாஜால் கொஞ்ச நேரத்துக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. தோல் மட்டமாக இருக்கும்போது வெளிச்சம் சீராகப் படும், பார்க்கிறவர்கள் "முகம் பளிச்சென்று இருக்கு" என்பார்கள். ஒரு மணித்தியால வேலைக்கு இது நல்ல பலன்தான். இதற்கு மேல் வாக்குக் கொடுக்கிறவர்கள் தப்பாகச் சொல்கிறார்கள். கோல்ட் பேஷியல், டயமன்ட் பேஷியல், புரூட் பேஷியல் என்று விலைப்பட்டியலில் எத்தனை பெயர் இருந்தாலும் படிமுறை ஒன்றுதான், பெட்டிக்குள் இருக்கிற கிறீம்தான் மாறுகிறது. படிமுறையை வடிவாகப் பழகினால் எந்தப் பெட்டியையும் கையாளலாம்.

தோலைப் பற்றிக் கொஞ்சம். மேல்தோல் அடியில் புதிதாகக் கலங்களை உண்டாக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். இளம் வயதில் ஒரு கலம் அடியிலிருந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய 28 நாள், வயது போகப் போக இன்னும் கூடும். மாதத்துக்கு ஒரு பேஷியல் போதும் என்பதற்கு இதுதான் கணக்கு, கிழமைக்கு ஒருக்கா செய்தால் தோலுக்கு ஆறுவதற்கு நேரம் கிடைக்காது. மேலே கிடக்கிற அந்த இறந்த கலங்களின் படையும் அவற்றுக்கு நடுவே உள்ள கொழுப்பும் சேர்ந்துதான் உள்ளே இருக்கிற ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. வயல் வரம்பு மாதிரி, வரம்பில் வெடிப்பு விழுந்தால் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் வயலில் நிற்காது. அதனால் இறந்த கலங்களை முழுசாகச் சுரண்டி எடுப்பது நம் வேலையில்லை, தேவைக்கு மேல் கிடப்பதை மட்டும் எடுக்க வேண்டும். தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது, பிஎச் 5 அளவில் இருக்கும் (பிஎச் என்பது அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 நடு, குறைந்தால் அமிலம், கூடினால் காரம்). உடம்புக்குப் போடும் சவர்க்காரக் கட்டி 9, 10 வரை போகும். அதைப் போட்டு முகத்தைக் கழுவியதும் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கிறதே, அது சுத்தமானதன் அடையாளம் இல்லை.

நம் கிழக்கு மாகாணத்துக்கென்று ஒரு விடயம் இருக்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் பிரச்சினை இல்லாமல் இருந்த முகங்கள் கச்சான் காற்று தொடங்கினதும் மாறிவிடும். சூடான, காய்ந்த காற்று தோலில் உள்ள தண்ணீரை இழுத்துவிடும், ஆனால் எண்ணெய் சுரப்பது நிற்காது. நெற்றியும் மூக்கும் எண்ணெயில் மினுங்கும், கன்னத்தில் சிரித்தால் மெல்லிய கோடு கோடாக விழும். இப்படி வருகிறவரை "எண்ணெய்த் தோல்" என்று முடிவு பண்ணி எண்ணெய் எடுக்கிற கிளென்சர், களிமண் மாஸ்க் என்று போட்டால் இன்னும் மோசமாகும். அவருக்கு எண்ணெய் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. உலர் தோல் என்பது எண்ணெய் குறைவு, ஈரமிழந்த தோல் என்பது தண்ணீர் குறைவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிப் பிழைகள் நடக்காது.

இனி ஆள் வந்து உட்கார்ந்ததும் என்ன செய்வது என்று பார்ப்போம்.

கேட்காமல் தொடக்கூடாது

பழகுகிற பிள்ளைகள் அவசரப்படுகிற இடம் இது. ஆளைப் படுக்க வைத்து கிளென்சரை எடுத்துவிடுகிறார்கள். முதலில் இருத்திப் பேச வேண்டும், பேசுவதை ஒரு அட்டையில் எழுத வேண்டும். என்ன குளிசை போடுகிறீர்கள், முகத்துக்கு இப்போது என்ன பூசுகிறீர்கள், எதற்காவது ஒவ்வாமை உண்டா, பிள்ளை வயிற்றில் இருக்கா, சீனி வருத்தம், பிரஷர், தொய்வு இருக்கா, கடைசியாக எப்போது திரெடிங் அல்லது வாக்சிங் செய்தீர்கள்? ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. சீனி வருத்தம் உள்ளவருக்குக் காயம் ஆறத் தாமதமாகும், அதனால் கரும்புள்ளி (துளையை அடைத்து நிற்கும் பிளாக்ஹெட்) அழுத்தி எடுப்பதைத் தவிர்க்கலாம். தொய்வு உள்ளவருக்கு முகத்துக்கு நேரே ஆவி பிடிப்பது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு கல்வானிக், ஹை பிரீக்குவென்சி போன்ற மின்சாரக் கருவிகள் கிட்டவும் வரக்கூடாது. பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் குளிசை எடுப்பவருக்கு தோல் மிக மெல்லிசாகக் காய்ந்திருக்கும், குளிசையை நிறுத்தி ஆறு மாதமாவது போகும்வரை வாக்சிங்கோ பீலிங்கோ (மருந்து பூசித் தோலின் மேற்படையை உரிப்பது) அழுத்தி எடுப்பதோ வேண்டாம்.

உதட்டோரத்தில் நீர்க்கொப்புளம், கண்ணோய், படர்தாமரை, சீழ் கட்டின புண் — இதில் ஏதாவது தெரிந்தால் அன்றைக்கு பேஷியல் இல்லை. அவை தொற்றும், உங்கள் கையால் அடுத்தவருக்கும் போகும். வந்தவருக்கு மனம் நோகாமல் சொல்லலாம்: "அக்கா, இது ஆறட்டும், ஆறினதும் வாங்க, நான் வடிவா செய்து விடுறன்." வெயிலில் வெந்து சிவந்த முகத்தோடு, பாசிக்குடாவில் ஒரு நாள் முழுக்கக் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியது வெள்ளையாக்கும் கிறீம். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத சின்ன டப்பாக்கள் கடைகளிலும் கிடைக்கின்றன, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பெட்டியிலும் வருகின்றன. இப்படியான கிறீம்களில் சிலவற்றில் பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீரொயிட் இருக்கும். சிலவற்றில் பாதரசம் இருக்கும். ஸ்டீரொயிட் பூசின முகத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள்: முதல் பார்வைக்கு வெளுப்பாக, வழவழப்பாகத் தெரியும். கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி நரம்புகள் ஓடும், தாடையைச் சுற்றிப் பூனைமயிர் கூடியிருக்கும், நாடியில் ஒரே அளவில் சின்னச் சின்னப் பரு கிளம்பியிருக்கும். வெறும் தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்தாலே "எரியுது பிள்ளை" என்பார். இந்த முகத்துக்கு ஸ்க்ரப், ஆவி, மசாஜ் எதுவும் கூடாது. அந்தக் கிறீமை இன்றைக்கே எறிந்துவிடுங்கள் என்று சொல்வதும் சரியில்லை, ஸ்டீரொயிட்டைச் சட்டென்று நிறுத்தினால் முகம் கொதித்துச் சிவந்து முன்னிலும் மோசமாகும், ஆள் பயந்து மறுபடியும் அதையே எடுத்துப் பூசுவார். தோல் வைத்தியரிடம் அனுப்புங்கள், டப்பாவையும் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள். பாதரசம் தோலோடு நிற்பதில்லை, உடம்புக்குள் போய் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட, 2017 இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை பாதரசம் கலந்த கிறீம்களை ஒழிக்கச் சொல்கிறது, இலங்கையும் அதில் சேர்ந்த நாடு. டப்பாவில் மெர்குரி, கலோமெல் என்ற சொற்களைக் கண்டால் விளங்கிக்கொள்ளுங்கள்.

புதிதாக ஒரு பொருளைப் பாவிக்கப் போகிறீர்கள் என்றால் பட்ச் டெஸ்ட். முழங்கையின் உட்பக்கம் அல்லது காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசி 24 மணித்தியாலம் விடுங்கள். நாளை மறுநாள் கலியாணம், இன்றைக்கு முதல் தடவையாகப் பேஷியல் என்று வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கும்தான், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இடமும் கையும்

கட்டிலில் தலைப்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கட்டும், துவாய் ஒவ்வொருவருக்கும் புதிது. துவாயை வெந்நீரில் தோய்த்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள், வெயிலுக்கு நமக்கென்ன பஞ்சம். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றி வைக்க வேண்டும், கையை ஆளுக்கு முன்னாலேயே கழுவுங்கள், அவர் பார்க்கட்டும். கிறீமை டப்பாவிலிருந்து ஸ்பட்சுலாவால் எடுத்துச் சின்னக் கோப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். முகத்தைத் தொட்ட கை திரும்ப டப்பாவுக்குள் போனால் அந்த டப்பா முழுக்க அந்த முகத்தின் கிருமிதான். கரும்புள்ளி எடுக்கும் கம்பியை முதலில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகுதான் கிருமி நீக்கம். அழுக்கும் எண்ணெயும் ஒட்டியிருக்கும்போது அதற்கு மேல் எந்த மருந்து ஊற்றியும் பயனில்லை. கருவிகளை ஆவியில் அவிக்கிற ஓட்டோகிளேவ் இருந்தால் அதுவே சிறந்தது, இல்லையென்றால் 70 சதவீத அல்ககோலில் ஊற விடுங்கள். 99 சதவீதம் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். இல்லை, கிருமியைக் கொல்ல அல்ககோலோடு கொஞ்சம் தண்ணீரும் வேண்டும், தனி அல்ககோல் வேலை செய்யுமுன் பறந்துவிடும்.

ஸ்டீமருக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான். கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடிக்கும், ஒரு நாள் ஆவியோடு கொதிநீர்த் துளியும் தெறிக்கும், கீழே கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் படுத்திருக்கிறார். ஆள் படுக்குமுன் ஸ்டீமரைப் போட்டு, ஆவி சீராக வருகிறதா என்று வெளியே திருப்பிப் பாருங்கள். கறண்ட் போனால் கேத்தலில் சுட வைத்த தண்ணீரில் துவாயை நனைத்துப் பிழிந்து, உங்கள் மணிக்கட்டின் உட்பக்கம் வைத்துச் சூடு பார்த்துவிட்டு முகத்தில் போடலாம், பலன் பெரிதாகக் குறையாது.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறை பக்கம் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் மறைவு முக்கியம். முக்காட்டைக் கழற்றச் சொல்லுமுன் கதவைப் பூட்டுங்கள், திரையை இழுத்து விடுங்கள், தோளை மூட ஒரு கவுண் கொடுங்கள். அறைக்குள் கமரா எதுவும் இருக்கவே கூடாது. உங்கள் போனும் வெளியே இருக்கட்டும். முன்னும் பின்னும் என்று படம் எடுத்துப் போடும் பழக்கம் எல்லாப் பார்லரிலும் வந்துவிட்டது, கேட்காமல் யாரையும் எடுக்காதீர்கள், கேட்டு அவர் தயங்கினால் அதுவே பதில். இது எந்த ஊருக்கும் எந்தச் சமயத்தவருக்கும் பொருந்தும்.

கை வேலை

கண்ணும் உதடும் முதலில். மேக்கப் இருந்தால் நனைத்த பஞ்சைக் கண் மேல் சில விநாடி வைத்து, ஊறியதும் கீழ்நோக்கித் துடையுங்கள், தேய்க்க வேண்டாம். அப்புறம் முகத்துக்கு கிளென்சர் இரண்டு தடவை: முதலாவது தூசியையும் சன்ஸ்கிறீனையும் எடுக்கும், இரண்டாவதுதான் தோலைச் சுத்தமாக்கும். துடைத்த பிறகு விளக்கைக் கிட்டே இழுத்து, பெருக்குக் கண்ணாடியால் தோலைப் பாருங்கள். கழுவாத முகத்தில் தோல் வகை பார்ப்பது வீண். எங்கே எண்ணெய், எங்கே வறட்சி, எங்கே மங்கு, எங்கே தோல் மெல்லிசு என்று பார்த்து, எந்தப் பொருள், ஆவி எத்தனை நிமிடம், எதைத் தவிர்ப்பது என்று இந்த இடத்தில்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஸ்க்ரப் ஒன்றிரண்டு நிமிடம், விரல் நுனியால், அழுத்தமே இல்லாமல். பரு உள்ள இடத்தில் குருணி ஸ்க்ரப் போட்டால் பரு உடைந்து பரவும், அங்கே பப்பாளியிலிருந்து எடுக்கும் பப்பெயின் போன்ற என்சைம் வகை மேல். நம் தோலில் ஒரு தனிக் குணம் இருக்கிறது, இதை மறக்கவே கூடாது. தோமஸ் பிட்ஸ்பற்றிக் என்ற தோல் வைத்தியர் 1975 இல் தோல் வெயிலுக்கு எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து அதை வகைப்படுத்தத் தொடங்கினார், இப்போது அதில் ஆறு வகை, ஒன்று மிக வெளுப்பு, ஆறு மிகக் கறுப்பு, நம் ஆட்களில் பெரும்பாலானோர் நாலு, ஐந்தில் வருவோம். இந்தத் தோல் உரசப்பட்டாலும் காயப்பட்டாலும் சூடுபட்டாலும் அந்த இடம் கறுக்கும், அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். வெளுக்க வேண்டும் என்று அழுத்தித் தேய்க்கிற கைதான் கறுப்பை உண்டாக்குகிறது.

ஆவி 5 முதல் 8 நிமிடம், முகத்துக்கும் ஸ்டீமருக்கும் நடுவே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைய, 30 முதல் 40 சென்ரிமீற்றர். மெல்லிய, சீக்கிரம் சிவக்கும் தோலுக்கு மூன்று நிமிடம் போதும், நரம்பு தெரியும் முகத்துக்கு வேண்டவே வேண்டாம், மங்கு உள்ளவருக்கும் சூடு கூடாது. ஆவியில் துளை திறக்கும், ஐஸில் மூடும் என்று சொல்வார்கள். துளைக்குத் திறந்து மூடத் தசை கிடையாது. ஆவி உள்ளே இறுகிக் கிடக்கும் எண்ணெயை இளக்குகிறது, அதனால் எடுக்க இலேசு.

எடுக்கும்போது இரண்டு விரலிலும் டிசுவைச் சுற்றிக்கொண்டு, கரும்புள்ளிக்கு இரண்டு பக்கமும் வைத்து, முதலில் கொஞ்சம் கீழே அமத்தி, பிறகு உள்நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். தானாக எழும்பி வரும். இரண்டு தரம் தள்ளி வரவில்லையா, விட்டுவிடுங்கள், அடுத்த மாதம் வரும். சிவந்து வலிக்கிற பருவைத் தொடவே கூடாது, அழுத்தினால் சீழ் உள்ளே வெடித்துத் தழும்பாகும். கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கில்லை, எண்ணெயும் மெலனினும் காற்றுப்பட்டுக் கறுத்தது, ஆகவே அது உள்ளவர் முகம் கழுவாதவர் என்று நினைக்காதீர்கள், அவரிடமும் இதைச் சொல்லுங்கள், பலருக்கு அதில் ஒரு கூச்சம் இருக்கிறது.

மசாஜ்தான் வந்தவர் மனதில் நிற்பது. கழுத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கியும் வெளிநோக்கியும், நீண்ட தடவலில் ஆரம்பித்து, கன்னத்திலும் நாடியிலும் இலேசான பிசைதல், கடைசியில் மறுபடி நீண்ட தடவல், 15 நிமிடம். கண்ணைச் சுற்றி மோதிர விரல் மட்டும், அதற்குத்தான் பலம் குறைவு. ஒரு கை முகத்தை விட்டு எழும்பும்போது மற்றக் கை முகத்தில் இருக்கட்டும், இரண்டும் ஒரேயடியாக எழும்பினால் அரைத் தூக்கத்தில் இருப்பவர் திடுக்கிடுவார். வீட்டில் தேங்காயெண்ணெய் தேய்த்துப் பழகினவர்கள் அதையே கேட்பார்கள். பரு வருகிற முகத்துக்கு அது துளையை அடைக்கும், வேண்டாம். பரு நிறைய இருந்தால் மசாஜையே விட்டுவிட்டு மாஸ்க்குக்குப் போங்கள்.

மாஸ்க் களிமண் என்றால் 10 நிமிடம், முழுக்கக் காய்ந்து வெடிக்கும்வரை விடாதீர்கள், காய்ந்த மண் தோலின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், விளிம்பு காயத் தொடங்கினதும் எடுங்கள். கச்சான் காலத்தில் ஜெல் மாஸ்க் நல்லது. எலுமிச்சம்புளி மட்டும் எந்த முகத்துக்கும் கூடாது, பிஎச் 2 அளவு அமிலம், அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளித்துக் கறுக்கும். பிறகு டோனர், ஈரப்பதக் கிறீம், கடைசியாக சன்ஸ்கிறீன். எஸ்பிஎப் 30 (சன்ஸ்கிறீன் எவ்வளவு காக்கும் என்று டப்பாவில் போடும் எண்) யூவிபி கதிரில், அதாவது தோலைச் சுடுகிற வெயில் கதிரில், 97 சதவீதம் வரை தடுக்கும், ஆனால் போதிய அளவு பூசினால்தான், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். கல்லடிப் பாலத்தை மத்தியானம் மோட்டார் சைக்கிளில் கடந்து வீடு போகிறவருக்கு இந்தக் கடைசிப் படியைத் தவறவிட்டால் மற்ற எல்லாப் படியும் வீண்.

வந்தவரிடம் சொல்லி அனுப்புங்கள்: அன்றைக்கு ஸ்க்ரப், திரெடிங், வாக்சிங் வேண்டாம், இரவுவரை மேக்கப் வேண்டாம், விறகடுப்புக்கு முன்னால் நின்று சமைப்பதையும் முடிந்தால் தள்ளி வையுங்கள். கலியாணப் பெண்ணுக்கு முதல் பேஷியலை ஒரு மாதத்துக்கு மேல் முன்னாலேயே செய்து தோல் எப்படி ஏற்கிறது என்று பாருங்கள், கடைசியாகச் செய்வது நாளுக்கு ஒரு கிழமை முன். சாமத்திய வீட்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைக் கூட்டி வந்து பிளீச் கேட்பார்கள். பிளீச் என்பது ஐதரசன் பெரொட்சைட்டும் அமோனியாவும், அந்த வயதுத் தோலில் போட வேண்டிய பொருளே இல்லை. மென்மையான கிளென்சிங், ஈரம், ஒரு ஜெல் மாஸ்க் போதும், தாய்க்கு விளக்கிச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

எல்லாம் முடிந்து ஆள் கிளம்பியதும் அட்டையை எடுத்து என்ன பொருள் போட்டீர்கள், ஆவி எத்தனை நிமிடம், எங்கே சிவந்தது, எதற்கு எரிந்தது என்று எழுதுங்கள். மறுநாள் ஒரு தகவல் அனுப்பி முகம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். சிவப்பு இரண்டு நாளுக்கு மேல் நின்றாலோ, வீங்கினாலோ, நீர் வடிந்தாலோ வீட்டு வைத்தியம் சொல்லாமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ பக்கத்தில் உள்ள ஆதார வைத்தியசாலைக்கோ போகச் சொல்லுங்கள், நீங்கள் போட்ட பொருட்களின் பெயரை அட்டையிலிருந்து எழுதிக் கையில் கொடுத்து விடுங்கள், வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.